இதுவா, அதுவா?

"சிவப்பு ஷூவா, நீல ஷூவா?"

காலை எட்டு மணி. அம்மா இரண்டு ஜோடி ஷூக்களையும் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுடைய நான்கு வயது மகன் உருண்டை, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பெரிய மனிதன் மாதிரி தாடையைச் சொறிந்துகொண்டான்.

"சிவப்பு" என்றான்.

அவ்வளவுதான். அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. காலை நீட்டினான், ஷூ ஏறிவிட்டது.

ஒரு மாதத்துக்கு முன்பு இதே வாசலில் தினமும் போர் நடக்கும். "ஷூ போடு" என்று அம்மா சொல்வாள். "போட மாட்டேன்" என்று உருண்டை மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான். ஒரு நாள் ஒரு காலில் மட்டும் ஷூவோடு மழலையர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் சனிக்கிழமை வகுப்பு. அது பிள்ளைகளுக்கான வகுப்பு இல்லை, பெற்றோருக்கானது. பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று பள்ளியில் வயது வாரியாகச் சொல்லித் தருகிறார்கள். முதல் வாரமே அம்மா ஒரு விஷயத்தை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்தாள். 'கட்டளை போடக் கூடாது. இரண்டைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும்.'

மீன்குஞ்சுக்கு யாரோ நீச்சல் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால், அம்மாவின் வேலையே அதுதான். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். இருட்டான சிறிய அறையில், வருகிறவர்களின் கண்முன்னே ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றி வைப்பாள். "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாள். காலை முதல் மாலை வரை இதே கேள்விதான்.

இப்போது அந்தக் கேள்வி வீட்டுக்கும் வந்துவிட்டது.

"காபியா, டீயா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா பஸ் ஓட்டுநர். அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டுக் களைப்பாக வந்திருந்தார். "ஏதோ ஒண்ணு குடும்மா."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"சரி, காபி."

"காபித்தூள் தீர்ந்துபோச்சு."

"அப்புறம் எதுக்கும்மா என்னைக் கேட்ட?"

"நீங்களே முடிவெடுத்த சந்தோஷம் உங்களுக்கு வேணாமா?"

உருண்டையும் சும்மா இருக்கவில்லை. கடையில் பொம்மை கிடைக்காத அன்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, நான் இப்போ அழட்டுமா, கத்தட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

இதையெல்லாம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள் துருவி. அம்மாவின் இரண்டாவது பெண்; பத்து வயது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் வைத்த பெயர் அது.

ஆனால் அக்காவின் விஷயத்தில் துருவியால் சிரிக்க முடியவில்லை.

அக்காவுக்குப் பதினான்கு வயது. பள்ளியின் கைப்பந்து அணியில் இருக்கிறாள். இருந்தாள் என்றும் சொல்லலாம். ஏழு நாட்களாக அவள் பயிற்சிக்குப் போகவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வருவாள். அறைக்குள் போய்விடுவாள்.

செவ்வாய்க்கிழமை மாலை அம்மா அந்தப் பேச்சை எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை அணிப் பட்டியல் ஒட்டுறாங்களாம். பயிற்சிக்குப் போறியா, இல்ல இனிமே வர மாட்டாள்னு விளையாட்டு மிஸ்ஸுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?"

"ரெண்டும் வேணாம்."

"அதெப்படிடீ? ஒண்ணு போகணும். இல்லைன்னா போகலைன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு கண்ணு."

"எப்பப் பாரு இதுவா, அதுவா! நான் என்ன உருண்டையா?"

"நான் இங்க இருக்கேன்!" என்று மேசைக்கு அடியிலிருந்து உருண்டை குரல் கொடுத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா எழுந்து போனாள். அறைக் கதவு சாத்திக்கொண்டது.

அன்று அக்கா சாப்பிட வரவில்லை. அம்மா அவளுடைய தட்டை மூடி எடுத்துக்கொண்டு அந்தக் கதவு வரை போனாள். தட்டுவதற்காகக் கையை உயர்த்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தட்டாமலே திரும்பி வந்தாள்.

அதைத் துருவி பார்த்துவிட்டாள். போன மாதம்வரை அம்மாவும் அக்காவும் பாத்திரம் கழுவிக்கொண்டே கதை கதையாகப் பேசுவார்கள். 'போதும், குழாயை மூடுங்க' என்று அப்பா சத்தம் போட வேண்டியிருக்கும்.

இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று துருவி முடிவு செய்தாள். அவளும் அக்காவும் ஒரே அறையில்தான் படுப்பார்கள். அது பெரிய வசதி.

"அக்கா, யாரோடயாவது சண்டையா?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"மிஸ் திட்டினாங்களா? கால் வலியா? பந்து மூஞ்சில பட்டுதா? யாராவது கிண்டல் பண்ணாங்களா? உனக்கு விளையாட்டே பிடிக்காமப் போச்சா? அம்மா மேல கோவமா? என் மேல கோவமா? நேத்து உன் பேனாவை எடுத்தேனே, அதுக்கா?"

அக்கா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"துருவாதடி. நான் என்ன தேங்காயா?"

மறுநாள் புதன்கிழமை. துருவிக்கு அரை நாள்தான் பள்ளி. அன்றைக்கு மட்டும் அவள் அம்மாவின் கடைக்குப் போவாள். பரிசோதனை அறையின் மூலையில் ஒரு முக்காலி இருக்கிறது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் அங்கே இருக்கலாம் என்பது கடை முதலாளியின் நிபந்தனை. துருவிக்கு அது பெரிய தண்டனை. ஆனாலும் அந்த அறை அவளுக்குப் பிடிக்கும். மரப்பெட்டிக்குள் வரிசை வரிசையாக வட்ட லென்ஸ்கள் இருக்கும்.

அன்று ஒரு தையல்காரப் பெண்மணி வந்தார். கழுத்தில் அளவு நாடாவோடே வந்திருந்தார்.

"போன மாசம் நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடி சரியில்லம்மா. தைக்க உக்காந்தா தலை விண் விண்ணுனு வலிக்குது."

"அப்படியா? மறுபடியும் பார்த்துடலாம், வாங்க."

அம்மா அவருக்குக் கனமான சோதனைக் கண்ணாடியை மாட்டினாள். படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தாள். விளக்கைக் குறைத்தாள். லென்ஸை மாற்றினாள்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"இது."

"இப்போ? இதுவா, அதுவா?"

"அது."

"இப்போ?"

"இது... இல்ல இல்ல, அது."

அம்மாவின் கை சட்டென்று நின்றது. "முதல்ல காட்டின அதே ரெண்டைத்தான் மறுபடியும் காட்டினேன். அப்போ இதுன்னீங்க, இப்போ அதுன்னுட்டீங்களே. நிஜமா எது தெளிவா இருக்கு?"

தையல்காரப் பெண்மணி நெளிந்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? ரெண்டும் எனக்கு உதவலம்மா. போன தடவையும் இப்படித்தான். நீங்க ரெண்டுல ஒண்ணு கேட்டீங்களா, மூணாவதாச் சொன்னா தப்பா நினைச்சுக்குவீங்களோன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"ஐயையோ! தாராளமாச் சொல்லலாமே" என்று அம்மா சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு அம்மா செய்ததைத் துருவி கண்கொட்டாமல் பார்த்தாள். சோதனைக் கண்ணாடியைக் கழற்றினாள். விளக்கைப் போட்டாள். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். எதையும் கேட்கவில்லை. சும்மா இருந்தாள்.

சும்மாதான் இருந்தாள். ஆனால் அவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நான் எங்கம்மா புத்தகம் படிக்கிறேன்? எனக்கு ஊசி முனை தெரிஞ்சாப் போதும். அது இவ்ளோ கிட்டயும் இல்ல, ரொம்பத் தூரமும் இல்ல." கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார். ஒரு முனையை மூக்கில் வைத்து, மறுமுனையைக் காற்றில் நீட்டிக் காட்டினார். "இந்தா, இங்கதான் இருக்கு ஊசி."

அம்மா அந்த நாடாவைப் பார்த்தாள். "இதை நான் போன மாசமே கேட்டிருக்கணும்" என்றாள். பெட்டியிலிருந்து வேறொரு லென்ஸை எடுத்துப் போட்டாள். அட்டையை நாடாவின் முனையிலேயே பிடித்துக் காட்டினாள்.

"அடி ஆத்தி! கடைசி வரி வரைக்கும் தெரியுதே!"

முக்காலியில் உட்கார்ந்திருந்த துருவிக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் அவள் அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை மொட்டை மாடியில் நான்கு பெரிய படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒரு ஆளால் மடிக்க முடியாது. துருவி அக்காவை இழுத்துக்கொண்டு போனாள்.

ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்தார்கள். உதறினார்கள். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். முனைகளைச் சேர்த்துவிட்டு மறுபடியும் விலகினார்கள். துருவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அது எளிதாக இல்லை. முதல் விரிப்பு முடிவதற்குள் ஐந்து கேள்விகள் தொண்டை வரை வந்தன. ஐந்தையும் விழுங்கினாள். இரண்டாவது விரிப்பில் இன்னும் ஆறு.

"என்னடி, வாயில பல்வலியா?" என்றாள் அக்கா.

துருவி தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாவது விரிப்பைப் பாதி மடித்திருந்தபோது அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்க கேப்டனுக்கு முழங்கால்ல அடி பட்டுடுச்சு" என்றாள். விரிப்பைப் பார்த்துத்தான் சொன்னாள். "மிஸ் என்னைக் கேப்டனா இருக்கச் சொன்னாங்க. எல்லார் முன்னாடியும். அவ பக்கத்துலயேதான் நின்னா. கையில இருந்த கேப்டன் பட்டையைக் கழட்டி மிஸ்கிட்ட குடுத்துட்டு, ஒண்ணும் பேசாமப் போயிட்டா."

கேப்டன் யார் என்று துருவிக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அக்காவின் தோழி அவள். 'அவ அழுதாளா?' என்ற கேள்வி துருவியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"நான் போனா அவ இடத்தைப் பிடுங்கிக்கிட்ட மாதிரி. போகலைன்னா எனக்கு விளையாட்டே போச்சு. இதுல அம்மா வேற தினமும் போறியா, வரலைன்னு சொல்லவான்னு கேக்குறா. ரெண்டுமே எனக்கு வேணாம். எனக்கு விளையாடணும். அவளும் இருக்கணும்."

காற்றில் விரிப்பு படபடத்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றாள் அக்கா.

"சொல்ல மாட்டேன்."

அன்று மாடியில் துருவி பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

ஆனால் வியாழக்கிழமை காலையில் அவளுக்கு ஒரே குழப்பம். சொன்னால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அக்கா பள்ளிக்குக் கிளம்பிப் போகும் வரை காத்திருந்து, அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, அக்காவுக்கு ஒரு பிரச்சினை இருக்கு. என்னன்னு நான் சொல்ல மாட்டேன்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "உன்கிட்ட சொன்னாளா?"

"ம்."

"என்கிட்ட சொல்லல." அம்மாவின் குரல் சின்னதாகிவிட்டது. "நான் தினமும் கேட்டேனே."

"அதனாலதான்மா சொல்லல. ரெண்டுல ஒண்ணு கேட்டே. ரெண்டும் அவளுக்கு உதவல. அந்தத் தையல்கார அத்தை மாதிரி."

அம்மா துருவியை உற்றுப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து சனிக்கிழமை வகுப்பு நோட்டை எடுத்துப் புரட்டினாள். இரண்டு கோடு போட்ட வரிக்கு மேலே, சிறிய எழுத்தில் 'மூன்று முதல் ஐந்து வயது வரை' என்று அவளே எழுதியிருந்தாள்.

"பதிமூணு வயசுக்கு மேல உள்ளவங்க பத்தின வகுப்பு இன்னும் மூணு வாரம் கழிச்சுத்தான்" என்றாள்.

"அக்காவுக்கு நாளைக்குத்தான்மா கடைசி நாள்."

அம்மா நோட்டை மூடினாள். "சரி, நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் கேக்கக் கூடாது. கையில மட்டும் வேலை இருக்கணும். துணி மடிக்கலாம்."

"துணியெல்லாம் நேத்தே மடிச்சாச்சே."

துருவி அலமாரிக்குப் போனாள். அழகாக மடித்து அடுக்கியிருந்த நான்கு விரிப்புகளையும் எடுத்தாள். ஒவ்வொன்றாக உதறிக் கட்டில் மேல் மலை மாதிரி குவித்தாள்.

"இப்போ மடிக்கல" என்றாள்.

மாலையில் அம்மா கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். குவியலிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து ஒரு முனையை அக்காவிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடி கண்ணு."

"நேத்துதானே மடிச்சோம்?"

"நான்தான் கலைச்சேன்" என்றாள் துருவி.

"எதுக்குடி?"

"சரியா மடியல."

சொல்லிவிட்டு அவள் உருண்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் நன்றாகத் தெரியும். உருண்டைக்கும் பார்க்க வேண்டுமாம். "நீ சத்தம் போடாம பிஸ்கட் சாப்பிடுறியா, பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டே சத்தம் போடாம இருக்கியா?" என்று கேட்டாள். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு முதலாவதைத் தேர்ந்தெடுத்தான்.

அறையில் விரிப்பு உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

துருவி அடுப்படியிலிருந்து இருமினாள்.

அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஊறுகாய் ஜாடிக்கு மூடி போட்ட மாதிரி இருந்தது அவள் முகம். முதல் விரிப்பு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை.

நான்காவதுதான் கடைசி. இருவரும் பக்கத்தில் வந்தார்கள், முனைகளைச் சேர்த்தார்கள், விலகினார்கள். அதுவும் மடிந்து முடிந்தது. அக்கா அதைக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

போச்சு, என்று நினைத்தாள் துருவி. இனி என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தாள். மடித்து வைத்த முதல் விரிப்பைக் கையில் எடுத்தாள். ஒரே உதறு. அது முழுசாகப் பிரிந்து விழுந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா பண்ற?"

"சரியா மடியல" என்றாள் அம்மா.

அக்கா அம்மாவையே பார்த்தாள். முதலில் வாய் ஓரம் துடித்தது. பிறகு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வந்து இரண்டு முனைகளைப் பிடித்தாள். அப்படியே சிரிப்பு நின்று கண் கலங்கிவிட்டது.

"அம்மா, கேப்டனுக்கு முழங்கால்ல அடி..."

துருவி கதவிடுக்கை விட்டு நகர்ந்தாள். மீதிக் கதை அவளுக்குத் தெரிந்ததுதான். அதைக் கேட்க வேண்டியவள் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் குரல் கேட்டது. "கஷ்டமாத்தான் இருந்திருக்கும்" என்றாள்.

"நாளைக்கு முதல்ல அவ வீட்டுக்குப் போறேன்மா" என்றாள் அக்கா. "காலையில பள்ளிக்குப் போறதுக்கு முன்னாடியே. அப்புறமா மிஸ்ஸைப் பார்க்கிறேன்."

"நானும் வரட்டுமா, இல்ல..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டாள். "சரிடா" என்றாள்.

வெள்ளிக்கிழமை அக்கா வீடு திரும்பும்போது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முழங்கையில் மண், முகமெல்லாம் வியர்வை. பையைப் போட்ட வேகத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"கதவைத் திறந்ததும் என்னை என்ன திட்டு திட்டினா தெரியுமா! 'பத்து நாளா எங்கடி போய்த் தொலைஞ்ச, காலும் வலிக்குது, பேசறதுக்கும் ஆளில்ல'ன்னு. அன்னைக்கு அவளுக்கு அழுகை வந்துடுச்சாம், அதான் பேசாமப் போயிருக்கா. நான்தான் அவளை ஒதுக்கிட்டேன்னு நினைச்சிருக்கா! நான் என்ன நினைச்சேன்னா..."

"கையைக் கழுவிட்டு..." என்றாள் அம்மா.

"இரும்மா, முக்கியமானதே இனிமேதான். ரெண்டு பேரும் சேர்ந்தே மிஸ்கிட்ட போனோம். கால் சரியாகுற வரைக்கும் அவ வெளியே உக்காந்து கேப்டன், நான் உள்ள நின்னு கேப்டன். மிஸ் முதல்ல 'அது என்ன கணக்கு'ன்னாங்க. அப்புறம் சிரிச்சிட்டாங்க. பட்டியல்ல ரெண்டு பேர் பேரும் இருக்கு! அப்பா, அவ உக்காந்த இடத்துல இருந்தே என்ன கத்து கத்துறா தெரியுமா? முதல் பந்துலயே..."

உருண்டை அக்காவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அப்பா குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே முதல் பந்தின் கதையைக் கேட்டார். அடுத்து இரண்டாவது பந்து, மூன்றாவது பந்து.

தட்டுகளில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, அக்காவின் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.